மைக்கா மேடையில் புது சிங்க்: மலைவீட்டில் ஒழுகாமல் பொருத்துவது எப்படி

சமவெளியில் சமையல் மேடை என்றால் கிரானைட். பழைய வீடாக இருந்தால் கடப்பாக் கல். மலையில் கதை கொஞ்சம் வேறு. ரோட்டிலிருந்து படி படியாக இறங்கிப் போகும் வீட்டுக்குக் கல் பலகையைத் தோளில் சுமந்து இறக்க ஆள் கிடைப்பதே கஷ்டம். கிடைத்தாலும் கூலியைக் கேட்டால் தலை சுற்றும். அதனால் குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் புதிதாகக் கட்டும் சின்ன வீடுகளிலும், ஹோம்ஸ்டேயாக மாற்றப்படும் பழைய வீடுகளிலும் பலகைமேல் மைக்கா ஒட்டிய மேடை நிறையவே கண்ணில் படுகிறது. பார்க்க அழகாக இருக்கும், காலையில் கையை வைத்தால் கல் மாதிரி சில்லிடாது, விலையும் கட்டுப்படியாகும். தண்ணீர்தான் அதற்கு ஆகாது.

அப்படிப்பட்ட மேடையில் ஓட்டை போட்டு, நாள் முழுக்கத் தண்ணீர் புழங்கும் சிங்க்கை உட்கார வைக்கிறோம். ஒழுகக் கூடாது என்று சொன்னதும் பலரும் சிங்க்கைச் சுற்றி மேலே தெரிகிற சிலிக்கான் கோட்டைத்தான் யோசிக்கிறார்கள். அது அழகாக இருந்தால் வேலை சுத்தம் என்று நினைப்பு. மேடை கெட்டுப்போவது அந்தக் கோட்டில் அல்ல. அதற்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வெட்டிவிட்ட பலகையின் பூச்சு இல்லாத விளிம்பில். இந்தக் கட்டுரையில் பாதி அந்த விளிம்பைப் பற்றியதாகவே இருக்கும்.

உங்கள் மேடை என்ன பலகை?

மேடையின் மேலே இருக்கும் மைக்கா ஒரு மில்லிமீட்டர் கனம்தான். தண்ணீர் அதன் வழியாக இறங்காது. கீழே இருக்கும் பலகை எது என்பதுதான் விஷயம். அலமாரிக் கதவைத் திறந்து, டார்ச் அடித்து, குழாய்க்காக ஏற்கெனவே போட்ட ஓட்டை ஏதாவது இருந்தால் அதன் ஓரத்தைப் பாருங்கள். அடுக்கு அடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். மரத்தூளும் சில்லுமாக அழுத்தி வைத்திருந்தால் பார்ட்டிகிள் போர்டு. ஒரே சீராக, பழுப்பாக, துகளே தெரியாமல் இருந்தால் எம்டிஎஃப்.

பிளைவுட்டில் ஐஎஸ் 710 என்று முத்திரை இருந்தால் மரைன் பிளை, ஓரளவு நிம்மதி. ஐஎஸ் 303 என்று இருந்தால் அதிலேயே இரண்டு ரகம் உண்டு, ஈரம் தாங்குவது பிடபிள்யூஆர் என்று போட்டது. பார்ட்டிகிள் போர்டும் எம்டிஎஃப்பும் நம்மூர் வர்க்கியை டீயில் முக்கிய கதைதான். ஒருமுறை ஊறி உப்பிவிட்டால் காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்பாது. மேலே ஒட்டிய மைக்கா விளிம்பில் தூக்கிக்கொள்ளும், தூக்கிய இடத்தில் இன்னும் தண்ணீர் இறங்கும்.

இந்த மூன்றில் எது இருந்தாலும் மேடைக்கு அடியில் தொங்கவிட்டுப் பொருத்தும் சிங்க் வேண்டாம். அண்டர்மவுண்ட் என்று கடையில் காட்டுவார்கள், கிரானைட்டில் அது ஜோராக இருக்கும். மைக்கா மேடையில் அப்படிப் பொருத்தினால் வெட்டிய பலகை விளிம்பு தண்ணீர் படும் இடத்திலேயே திறந்து கிடக்கும். நமக்குத் தேவை, விளிம்பு மேடைமேல் வந்து உட்காரும் டாப்மவுண்ட் சிங்க். ஒற்றைத் தொட்டிக்கு 24-க்கு 18 அங்குலம் எங்கும் கிடைக்கும் அளவு. எவர்சில்வரில் 304 கிரேடா என்று கேட்டு வாங்குங்கள். விலை மலிவான 202 கிரேடு உப்பும் புளியும் பட்டுப் பட்டு நாளடைவில் புள்ளி விழும்.

வாங்க வேண்டியவை

சிலிக்கான் விஷயத்தில் மட்டும் நின்று நிதானமாக வாங்குங்கள். கடையில் ‘சிலிக்கான் ஒண்ணு குடுங்க’ என்றால் கண்ணாடிக்குப் போடும் சாதாரண ரகத்தைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். நமக்கு வேண்டியது டியூப்பில் ‘சானிட்டரி’ என்று போட்டிருப்பது. பூஞ்சை பிடிக்காமல் இருக்க அதில் மருந்து கலந்திருக்கும். மலையில் பூஞ்சைக்குப் பஞ்சமில்லை, இந்தச் செலவு வீண் போகாது. ‘அக்ரிலிக்’ என்று இருந்தால் வாங்காதீர்கள். அது சுவர் வெடிப்புக்குப் போட்டு மேலே பெயிண்ட் அடிப்பதற்கு. தண்ணீர் தேங்கும் இடத்துக்கு ஆகாது.

சானிட்டரியிலேயே இரண்டு வகை. பிதுக்கும்போது வினிகர் வாடை அடிப்பது அசிட்டிக் வகை. வாடை அதிகம் இல்லாதது நியூட்ரல் வகை. எவர்சில்வருக்கும் மைக்காவுக்கும் இரண்டுமே ஒட்டும். ஆனால் குளிருக்கு ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கும் சமையலறையில் அந்த வினிகர் வாடை இரண்டு நாள் மூக்கைத் துளைக்கும். அது காயும்போது வெளிவிடும் அமிலம் சிங்க்கை மேடையோடு பிடித்து வைக்கும் துத்தநாகம் பூசிய கிளாம்ப்பையும் பித்தளையையும் அரிக்கவும் செய்யும். நியூட்ரல் கொஞ்சம் விலை கூடுதல்தான், நான் அதைத்தான் சொல்வேன்.

டியூப்பின் அடியில் அச்சடித்திருக்கும் தேதியைக் கட்டாயம் பாருங்கள். வருஷக்கணக்கில் அலமாரியில் கிடந்த சிலிக்கான் பிதுக்கினால் நன்றாகத்தான் வரும், காயாது. ஒரு வாரம் கழித்துத் தொட்டாலும் பிசுபிசுக்கும்.

மற்றவை சுலபம்: சிலிக்கான் கன், மாஸ்கிங் டேப், உப்புத்தாள், ஸ்பிரிட், பழைய பருத்தித் துணி, மெதுவாகக் காயும் எபாக்சி பசை, வேஸ்ட் கப்ளிங் (சிங்க்கின் அடி ஓட்டையில் மாட்டும் வடிகால் வாய்), பாட்டில் டிராப் (அதன் கீழே மாட்டும், தண்ணீர் தேங்கி நிற்கும் கிண்ணம்), டெஃப்லான் டேப். ஜிக்சாவும் டிரில்லும் வாங்க வேண்டாம், தச்சு வேலை செய்பவரிடம் ஒரு நாளைக்கு வாடகைக்குக் கேட்டால் கொடுப்பார். சிங்க்கைப் பார்த்து வாங்க மேட்டுப்பாளையமோ கோவையோ இறங்கினால் ரகம் நிறைய இருக்கும். துணிப்பையை மறக்காதீர்கள், திரும்பி மலை ஏறினால் இங்கே எந்தக் கடையிலும் பிளாஸ்டிக் கவர் தர மாட்டார்கள்.

எந்த நாளில் செய்வது

நீலகிரியில் மழை ஒரே மாதிரி பெய்வதில்லை. கூடலூர், நடுவட்டம், ஊட்டிப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம் வெளுத்து வாங்கும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம்தான் பலம். உங்கள் ஊர்ப் பக்கம் எது பலமோ அந்த மாதங்களை விட்டுவிடுங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை எல்லா ஊருக்கும் நல்ல காலம்.

சிலிக்கான் காய்வதைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். பெயிண்ட் காய்வது தண்ணீரோ தின்னரோ ஆவியாகிப் போவதால். சிலிக்கான் அப்படியில்லை. காற்றில் இருக்கும் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் அது இறுகும். அப்படியானால் மேகம் ஜன்னலுக்குள் நுழையும் ஊரில் சீக்கிரம் இறுக வேண்டுமே என்று தோன்றும். இரண்டு காரணங்களால் அப்படி நடப்பதில்லை. ஒன்று, குளிர். டியூப்பில் ஒரு நாளைக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் இறுகும் என்று போட்டிருப்பார்களே, அது சுமார் 23 டிகிரிக் கணக்கு. 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் ஜனவரி இரவில் சமையலறைக்குள் அந்த வெப்பம் ஏது? இரண்டாவது, காற்றின் ஈரம் வேறு, பரப்பில் படிந்த ஈரம் வேறு. குளிர்ந்த எவர்சில்வர்மேல் கண்ணுக்குத் தெரியாத பனித்துளிப் படலம் இருந்தால் சிலிக்கான் அந்தத் தண்ணீரில் உட்காருமே தவிர உலோகத்தில் ஒட்டாது. பார்க்கும்போது ஒட்டியதாகவே தெரியும். பிறகு நகத்தால் நெம்பினால் நாடாவாகக் கையோடு வந்துவிடும்.

அதனால், சிங்க்கை வேலைக்கு முந்தின நாள் இரவே சமையலறைக்குள் கொண்டுவந்து வையுங்கள். வெளித் திண்ணையில் வைத்துவிட்டுக் காலையில் உள்ளே எடுத்து வந்தால் வியர்த்துக் கொட்டும். சிலிக்கான் போடும் வேலையை வெயில் ஏறிய பிறகு, பதினோரு மணிக்கு மேல் தொடங்கி, மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள். அன்று காலை அடுப்பில் இட்லிப் பானை வேண்டாம். ஆவி எல்லாம் மேடைமேல்தான் வந்து படியும். தலை காயவைக்கும் ஹேர் டிரையர் வீட்டில் இருந்தால் ஒட்டும் இடத்தைச் சுற்றி ஒரு ஓட்டு ஓட்டுங்கள். உறைபனி விழும் நாட்களில், தலைகுந்தா, காந்தல் பக்கத்து வீடுகளில் முக்கியமாக, இந்த வேலையைத் தள்ளிப்போடுவதே மேல். பெரும்பாலான சிலிக்கான் 5 டிகிரிக்குக் கீழே போடுவதற்கு ஆகாது.

அளந்து வெட்டுதல்

சிங்க் வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். வெட்ட வேண்டிய அளவு பெரும்பாலும் அதிலேயே அச்சாகியிருக்கும், அல்லது உள்ளே ஒரு தாள் இருக்கும். இல்லையென்றால் சிங்க்கைக் கவிழ்த்து மேடைமேல் வைத்து, விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் வரையுங்கள். அந்தக் கோட்டிலிருந்து உட்புறமாக 10 முதல் 12 மில்லிமீட்டர் தள்ளி இன்னொரு கோடு. வெட்டுவது உள்கோட்டில். வெளிக்கோட்டில் வெட்டினால் சிங்க் நேராக அலமாரிக்குள் விழும். சிரிக்காதீர்கள், அவசரத்தில் இது நடக்கிற காரியம்தான். கிளாம்ப் மாட்ட வேண்டிய இடமும் தொட்டியின் வளைவும் உள்கோட்டுக்கு இடிக்காமல் இருக்கிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள்.

மேடையின் முன் ஓரத்துக்கும் வெட்டுக்கும் நடுவே குறைந்தது 2 அங்குலம் பலகை நிற்க வேண்டும். கீழே அலமாரியின் சட்டம் குறுக்கே ஓடவில்லை, சுவரில் வயர் எதுவும் இறங்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, உள்கோட்டின் நான்கு மூலையிலும் 10 மில்லிமீட்டர் பிட்டால் ஓட்டை போடுங்கள். ஜிக்சா பிளேடு சாதாரணமாக மேல்நோக்கி வெட்டும், அதனால் மைக்கா சில்லு சில்லாகப் பெயரும். பல் கீழ்நோக்கி இருக்கும் பிளேடு கிடைத்தால் அதைப் போடுங்கள். கிடைக்கவில்லையா, கோட்டின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் கோட்டைத் திரும்ப வரைந்து நிதானமாக வெட்டுங்கள். பாதி வெட்டியதும் வெட்டுப்படும் துண்டின்மேல் ஒரு ரீப்பரை, அதாவது மெல்லிய மரச்சட்டத்தை, குறுக்கே வைத்து, துண்டில் மட்டும் ஸ்க்ரூ அடியுங்கள். ரீப்பரின் இரண்டு முனையும் மேடைமேல் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசிச் சில அங்குலத்தில் துண்டு தன் பாரத்தில் முறிந்து, மைக்காவையும் கிழித்துக்கொண்டு இறங்கும்.

மழைநாளில் நம்மூரில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஜிக்சா பாதியில் நின்றால் சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றிய பிறகே பிளேடை வெளியே எடுங்கள்.

வெட்டிய விளிம்பு

இப்போது அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து அந்த வெட்டை அடியிலிருந்து பாருங்கள். பார்ட்டிகிள் போர்டாக இருந்தால் விரலால் தேய்த்தாலே தூள் உதிரும். ஒரு சொட்டுத் தண்ணீரை அதில் வைத்துப் பாருங்கள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலே நீங்கள் எவ்வளவு அழகாக சிலிக்கான் இழுத்தாலும், ஐந்து வருஷத்தில் எங்கோ ஒரு முடி அளவு விலகத்தான் செய்யும். அன்றைக்கு இறங்கும் தண்ணீரை இந்த விளிம்பு குடிக்குமா குடிக்காதா என்பதைத் தீர்மானிப்பது இன்றைக்கு நீங்கள் செலவழிக்கும் அரை மணி நேரம்.

விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, முடிந்தால் வாக்குவம் வைத்து இழுத்துவிடுங்கள். ஈரத்துணி போடாதீர்கள். எபாக்சி பசையின் இரண்டு டியூப்பிலிருந்தும் சம அளவு எடுத்துக் குழைத்து, பழைய ஏடிஎம் கார்டால் விளிம்பு முழுக்க அழுத்தித் தடவுங்கள். பூசுவது நோக்கமல்ல, துளைகளுக்குள் திணிப்பதுதான். குளிரில் பசை கெட்டியாகி வராது. டியூப்பின் மூடியை இறுக்கி வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிஷம் போட்டு, துடைத்துவிட்டு எடுத்தால் இளகி வரும். மேல் விளிம்பில், மைக்காவும் பலகையும் சேரும் இடத்தில், இன்னொரு முறை தடவுங்கள். பலகையின் அடிப்பக்கத்திலும் வெட்டைச் சுற்றி இரண்டு அங்குல அகலத்துக்குத் தடவுங்கள், ஏனென்றால் ஒழுகும் தண்ணீர் விளிம்பைச் சுற்றி அடியில்தான் போய்த் தொங்கும். வழிந்து மைக்காவின் மேல்பக்கம் வந்ததை அப்போதே ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். இறுகிய பிறகு உளி வைத்தால்தான் வரும்.

குழாய் மேடையிலிருந்தே எழும்பும் மாடலாக இருந்தால் அதற்குப் போட்ட ஓட்டைக்குள்ளும் இதே வைத்தியம். உண்மையில் சிங்க்கைவிட அந்தக் குழாயின் அடியில்தான் அதிகம் ஒழுகும். ஈரக்கையோடு குழாயைத் திருகுகிறோம், சொட்டு எல்லாம் அதன் காலடியில்தான் தேங்குகிறது.

எபாக்சிக்குப் பதிலாகத் தச்சர்கள் மரத்துக்கு அடிக்கும் பியூ (பாலியூரிதேன்) வார்னிஷை இரண்டு மூன்று கோட்டிங் கொடுப்பதும் உண்டு. பிளைவுட்டுக்கு அது போதும். எனாமல் பெயிண்ட்டும் நடக்கும், ஆனால் பனிக்காலத்தில் முழுசாகக் காய நாலைந்து நாள் விட வேண்டும். அரைகுறையாகக் காய்ந்த பெயிண்ட்டின்மேல் சிலிக்கான் நிற்காது. சாதாரண வெள்ளைப் பசை மட்டும் வேண்டாம், அது தண்ணீரில் இளகும். சிலிக்கானையே விளிம்பில் வழித்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். அவசரத்துக்குப் பரவாயில்லை; பிறகு அதன்மேல் வேறு எந்தப் பூச்சும் பிடிக்காது என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

எது பூசினாலும் ஓர் இரவு விட்டுவிடுங்கள். குளிர் அதிகம் என்றால் இரண்டு இரவு.

ஒயிட் சிமென்ட் வேண்டாம்

இங்கே வேலைக்கு வரும் பிளம்பர்கள் பெரும்பாலும் கல் மேடையில் கை பழகியவர்கள். சிங்க்கை எடுத்ததும் ஒயிட் சிமென்ட்டைக் குழைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

“அக்கா, சிமென்ட் வெச்சா காலத்துக்கும் அசையாது. சிலிக்கான் எல்லாம் ரெண்டு வருஷத்துல பிச்சிக்கும்.”

“கல்லுக்கு சரிங்க தம்பி. இது பலகை. மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். சிமென்ட் கூடவே ஊதுமா?”

அவர் சொல்வதில் தப்பில்லை, கல்லைப் பொறுத்தவரை. கல் நகராது, அதனால் சிமென்ட்டும் நகராமல் நிற்கும். மரப்பலகை காற்றின் ஈரத்துக்கு ஏற்ப நூலளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதோடு பாய்லரிலிருந்து கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரைப் பிடித்துப் பாத்திரம் கழுவுவது மலைவீட்டு வழக்கம். எவர்சில்வர் அந்தச் சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும். இரண்டுக்கும் நடுவே விறைப்பான சிமென்ட் மயிரிழை மயிரிழையாக வெடித்து, வெடிப்பின் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிப் பலகைக்குக் கொடுக்கும். எம்-சீலும் அதே கதைதான், இறுகினால் இழுபடாது. இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் பொருள்தான் இங்கே வேண்டும். இதைப் பிளம்பரிடம் வேலை தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். குழைத்த பிறகு சொன்னால் மனஸ்தாபம்தான் வரும்.

சிங்க்கை இறக்குதல்

சிங்க்கை இறக்கும் முன்பே வேஸ்ட் கப்ளிங்கையும் கிளாம்ப்புகளையும் அதில் மாட்டிவிடுங்கள். பிறகு அலமாரிக்குள் மல்லாக்கப் படுத்துக்கொண்டு மாட்டுவது தண்டனை. கப்ளிங்கின் ரப்பர் வாஷர் ஒன்று மேலே, ஒன்று கீழே. மேல் உதட்டுக்கு அடியில் மெல்லியதாக ஒரு சிலிக்கான் வளையம்.

புது சிங்க்கின்மேல் கீறல் படாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் படலம் ஒட்டி வரும். அது விளிம்பின் அடிப்பக்கம் வரை மடிந்திருக்கும். அடிப்பக்கத்தில் இருப்பதை முழுசாகப் பிய்த்துவிடுங்கள். படலத்தின்மேல் சிலிக்கான் போட்டால் அது படலத்தோடு ஒட்டும், சிங்க்கோடு ஒட்டாது. இதைச் சொல்லக் காரணம், ஒழுகும் சிங்க்கைக் கழற்றிப் பார்த்தால் அடியில் அந்தப் படலத்தின் துணுக்கு பல இடத்தில் அப்படியே இருக்கும்.

முதலில் சிலிக்கான் இல்லாமல் ஒருமுறை வைத்துப் பாருங்கள். ஆடுகிறதா? ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, சிங்க்கின் வெளி விளிம்பைச் சுற்றி மேடைமேல் பென்சிலால் கோடு போடுங்கள். எடுத்துவிட்டு, அந்தக் கோட்டுக்கு 3 மில்லிமீட்டர் வெளியே சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பிறகு சிங்க் விளிம்பின் அடிப்பக்கத்தையும் மேடையையும் ஸ்பிரிட்டால் துடையுங்கள், உடனே காய்ந்த துணியால் இன்னொரு முறை. விறகடுப்பு எரியும் வீடாக இருந்தால் துணி கறுத்து வரும். கறுப்பு வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். பழைய சிங்க்கை எடுத்த இடமாக இருந்தால் பழைய சிலிக்கானை பிளேடால் ஒட்டச் சுரண்டுங்கள். புது சிலிக்கான் பழைய சிலிக்கான்மேல் பிடிக்காது.

டியூப்பின் மூக்கை 5 மில்லிமீட்டர் வாய் வரும்படி சாய்வாக வெட்டுங்கள். மேடைமேல், வெட்டின் ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி, சுற்றிலும் அறுபடாமல் ஒரே கோடு. மூலைகளில் கொஞ்சம் தாராளமாக. சிங்க்கோடு ஸ்பாஞ்ச் கேஸ்கெட் ஒட்டி வந்திருந்தால் அதைப் பிய்க்க வேண்டாம், கோட்டை அதற்கு உட்புறமாக வரும்படி இழுங்கள். கேஸ்கெட் இல்லாத சிங்க் என்றால் வெளிப்பக்கமாக இரண்டாவது கோடு ஒன்று. கம்பெனித் தாளில் சிலிக்கான் கூடாது என்று எழுதியிருந்தால் தாள் சொல்வதைக் கேளுங்கள்.

இரண்டு பேர் பிடித்து நேராக இறக்குங்கள். இறக்கிய பிறகு இடமும் வலமும் தள்ளிச் சரிசெய்யக் கூடாது, கோடு கலைந்துவிடும். கிளாம்ப்பை ஒரு பக்கமாக இறுக்கிக்கொண்டே போகாமல், முன் இடது, பின் வலது என்று எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். சுற்றிலும் சிலிக்கான் சீராகப் பிதுங்கி வந்ததும் நிறுத்துங்கள். முழுதும் பிதுங்கி வெளியேறும்வரை முறுக்கினால் நடுவில் ஒட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. கிளாம்ப் பெரும்பாலும் கனமான மேடைக்கு அளவெடுத்தது. உங்கள் பலகை 18 மில்லிமீட்டர் என்றால் அது பிடிக்காமல் ஆடும். அடியில் ரீப்பர் துண்டு வைத்து ஸ்க்ரூ அடித்து, அதன்மேல் பிடிக்க விடுங்கள்.

பிதுங்கியதைப் பட்டி பிளேடால் வழித்து எடுத்துவிட்டு, சிங்க் விளிம்பும் மேடையும் சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று. இதுதான் எல்லோரும் பார்க்கும் கோடு. சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து, உதறிவிட்டு, ஒரே இழுப்பாக இழுங்கள். விரலில் ஈரம் சொட்டக் கூடாது, சிலிக்கான் போடும் முன்பு அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் படவே கூடாது. மேலே தோல் கட்டும் முன், பத்து நிமிஷத்துக்குள், டேப்பை உரித்துவிடுங்கள். கோடு கொஞ்சம் கோணலாக இருந்தால் விட்டுவிடுங்கள். திரும்பத் திரும்ப விரலை வைத்தால் இன்னும் அசிங்கமாகும்.

காத்திருப்பது

டியூப்பில் 24 மணி நேரம் என்று இருக்கும். குன்னூரில் 48 மணி நேரம் கொடுங்கள், ஊட்டியில் குளிர்காலம் என்றால் மூன்று நாள். மெயின் வால்வை அடைத்துவிட்டு, குழாய்மேல் ஒரு துணியைக் கட்டி வையுங்கள். இல்லாவிட்டால் யாராவது பழக்கதோஷத்தில் டம்ளரைக் கழுவப் போவார்கள். ஹீட்டரை அருகில் வைத்துக் காயவைக்க நினைக்காதீர்கள், மேலே தோல் மட்டும் இறுகி உள்ளே பச்சையாக நிற்கும். சமையலறையைச் சாதாரண வெப்பத்தில் வைத்திருந்தால் போதும்.

கீழே குழாய் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாட்டில் டிராப் கட்டாயம். வேஸ்ட் பைப்பை நேராக வெளிச் சாக்கடையில் விட்டிருக்கும் வீடுகளில் நாற்றமும் கரப்பானும் அந்த வழியாகத்தான் ஏறும். டிராப்பில் நிற்கும் தண்ணீர் அதைத் தடுக்கும். மரை உள்ள இணைப்பில் டெஃப்லான் டேப், ரப்பர் வாஷர் உள்ள இணைப்பில் ஒன்றும் வேண்டாம். கையால் இறுக்கி, கடைசியாகக் கால் சுற்று.

ஒழுகுகிறதா, வியர்க்கிறதா?

அலமாரியின் அடியில் காய்ந்த செய்தித்தாளை விரித்துவிட்டு, சிங்க்கின் வாயை அடைத்து முக்கால்வாசி தண்ணீர் நிரப்பி, அரை மணி நேரம் விட்டு ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். தாளில் ஈரம் விழுந்த இடம் உடனே கறுத்துத் தெரியும், அதற்கு நேர் மேலே பாருங்கள். கப்ளிங்கா, டிராப்பா, விளிம்பா என்பது அதிலேயே தெரிந்துவிடும். பிறகு விளிம்பைச் சுற்றிலும் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பத்து நிமிஷம் தேங்க விட்டு, அடியில் காய்ந்த டிஷ்யூ பேப்பரால் வெட்டு விளிம்பைத் தடவிப் பாருங்கள்.

ஒரு விஷயத்தில் பயந்துவிட வேண்டாம். சமையல் ஆவி நிறைந்த அறையில் டேங்க்கிலிருந்து தண்ணீர் சில்லென்று வந்தால் சிங்க்கின் அடிப்பாகம் வியர்க்கும். ஒழுகல் என்றால் ஈரம் ஓர் இடத்திலிருந்து கோடாக இறங்கும். வியர்வை என்றால் தொட்டியின் அடி முழுக்கப் பொடித் துளியாகப் பரவியிருக்கும், வெந்நீர் புழங்கிய பிறகு காணாமல் போகும். அதற்கு சிலிக்கான் வைத்தியம் கிடையாது. அடியில் கறுப்பு ரப்பர் பட்டையும் பூச்சும் உள்ள சிங்க் குறைவாக வியர்க்கும். அலமாரிக் கதவை இரவில் திறந்து வைத்தால் உள்ளே காற்றாடும்.

கோட்டில் கறுப்புப் புள்ளி வந்தால் ஆரம்பத்தில் பிளீச்சிங் திரவத்தைத் தொட்டுத் துடைத்தால் போகும், ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். பூஞ்சை சிலிக்கானுக்குள்ளேயே இறங்கிவிட்டால் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அந்த மேல் கோட்டை மட்டும் பிளேடால் அறுத்து எடுத்து, ஸ்பிரிட் போட்டு, இரண்டு நாள் நன்றாகக் காயவிட்டுப் புதிதாக இழுங்கள். அடியில் உள்ள கோட்டைத் தொட வேண்டியதில்லை. பருவமழை தொடங்கும் முன் வருஷத்துக்கு ஒருமுறை சுற்றிலும் நகத்தை ஓட்டிப் பார்த்து, எங்காவது விலகியிருந்தால் அந்த இடத்தைச் சரிசெய்துவிட்டால் போதும்.

டியூப்பில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். அதை வைத்து அன்றைக்கே, கை பழகியிருக்கும்போதே, மேடையும் பின்சுவர் டைல்ஸும் சேரும் இடுக்கையும் அடைத்துவிடுங்கள்; சிங்க்குக்குப் பின்னால் தெறிக்கும் தண்ணீர் அங்கேதான் இறங்கும். அதற்கும் மேல் மிஞ்சினால் மூக்குக்குள் ஒரு நீள ஸ்க்ரூவைத் திருகி, டேப் சுற்றி வையுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது ஸ்க்ரூவோடு இறுகிய கட்டியும் சேர்ந்து வந்துவிடும்.